மேஸ்திரி பங்கு போட்ட மருந்து

அறுபது காலிக் குப்பிகள். சுண்டுவிரல் நீளம், பால் நிற பிளாஸ்டிக், தலையைத் திருகிப் பிய்த்தால் திறந்துகொள்ளும் வகை. பேரையூரிலிருந்து வந்த கொத்தனார் மேஸ்திரி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்து அவற்றை என் மேசைமேல் கொட்டிவிட்டு, "எண்ணிக்கங்க மேடம், ஒண்ணு கொறையாது" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு குப்பியிலும் அதை வாங்கிப்போன நோயாளியின் எண் ஒட்டியிருக்கும். மேஸ்திரியின் எண் பதினேழு. முப்பது குப்பிகளில் பதினேழு என்று இருந்தது. மற்ற முப்பதில் இருபத்து மூன்று என்று இருந்தது. இருபத்து மூன்று என்பவர் பழங்காநத்தத்தில் ஒரு கடையில் டீ போடும் இன்னொரு மனிதர். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வருஷங்கள் ஓடிவிட்டன, அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்போது நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பெயர்தான் நீளமே தவிர, வேலை என்னவோ போன் போடுவதும், படிவம் நிரப்புவதும், வராதவர்களிடம் "ஏன் வரலை" என்று கெஞ்சுவதும்தான். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் போய், மருந்துக் கிடங்கை ஒட்டிய ஒரு சின்ன அறையில், ஃபேன் காற்றில் பறக்கும் தாள்களைக் கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாள்பட்ட சைனஸ் உள்ளவர்கள் சிலருக்கு மூக்குக்குள் சதை வளரும். மூச்சு அடைக்கும், தலை கனக்கும், வாசனை போய்விடும். எங்கள் பெரிய டாக்டர் நுனியில் கேமரா உள்ள எண்டோஸ்கோப்பை மூக்குத் துளை வழியாக உள்ளே விட்டு, முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் அந்தச் சதையை எடுத்து, அடைபட்டிருக்கும் சைனஸ் அறைகளைத் திறந்துவிடுவார். கை அப்படி ஒரு கை. ஆனால் எத்தனை நன்றாகச் செய்தாலும் சிலருக்குச் சதை மறுபடி வந்துவிடும். அறுவை முடிந்தவர்கள் தினம் இரண்டு வேளை உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். அந்த நீரில் ஒரு மருந்தையும் கலந்தால் சதை திரும்பி வருவது குறையுமா என்பதுதான் எங்கள் ஆய்வு.

பாதிப் பேருக்கு மருந்துள்ள குப்பி. மீதிப் பேருக்குப் பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் வெறும் நீர்க் குப்பி. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தது. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆறு மாதம், மாதம் ஒருமுறை வர வேண்டும், காலிக் குப்பிகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அடுத்த மாதத்துக்கான பெட்டியை வாங்கிப்போக வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! இதை வடிவமைத்தவர்கள் எவரும் நம் மதுரைப் பக்கத்து ஜனங்களோடு ஒரு நாள்கூடப் பழகியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றும்.

கேள்வித்தாளையே எடுத்துக்கொள்வோம். மூக்கடைப்பு எவ்வளவு தொந்தரவு செய்கிறது, பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். இப்படி இருபதுக்கும் மேலே கேள்விகள். வருகிறவர் யோசித்துவிட்டு, "பரவால்ல" என்பார். பரவாயில்லைக்கு எந்த எண்? திரும்பக் கேட்டால், "நீங்களே பாத்து ஒண்ணு போடுங்க மேடம்" என்பார். இன்னும் சிலர் மூக்கால் பேசிக்கொண்டே, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு கொறையும் இல்லீங்க" என்பார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் பக்கத்து அறையில் இருக்கும்போது குறை சொல்வது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஒரு அம்மா எல்லாக் கேள்விக்கும் ஐந்து என்று சொல்லிவிட்டு, அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய பெருமையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு மார்க் நிறைய வாங்கினால் மோசம் என்று புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

சம்மதப் படிவமும் அப்படித்தான். ஆறு பக்கத் தமிழ்ப் படிவம், நான்தான் மொழியைச் சரிபார்த்தேன், ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். நான் முதல் பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள், "நீங்க சொன்னா சரிதான் மேடம், எங்கன போடணும்?" என்று பேனாவுக்குக் கை நீட்டிவிடுவார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் இருந்த எனக்கு, மேஸ்திரி வந்தபோது புதிதாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், சிமெண்டு ஏறி வெடித்த விரல்கள், மடித்துக் கட்டிய வேட்டியை உள்ளே வரும்போது மட்டும் இறக்கிவிடுவார். ஆறு பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். சில இடங்களில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார். "ஒரு பெட்டியில மருந்து, ஒரு பெட்டியில வெறுந்தண்ணி. டாக்டருக்கே தெரியாதுங்கறீக?"

"ஆமாண்ணே."

"அப்ப வெறுந்தண்ணி கெடைச்சவன் பாடு?"

அவர்களுக்கும் மூக்கு கழுவுவதே பாதி வைத்தியம் என்றும், யாருக்காவது மோசமானால் ஆய்விலிருந்து விலக்கி டாக்டர் உடனே மருந்து கொடுப்பார் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, எல்லாரிடமும் சொல்லும் ஒன்றை அவரிடமும் சொன்னேன். பாதியில் மட்டும் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், ஒவ்வொருவர் விலகும்போதும் இத்தனை பேர் உழைப்பும் கெட்டுப்போகும் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தன் பெயரை எழுத்துக்கூட்டி, முழுசாக, இனிஷியலோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா, புரிந்து கையெழுத்துப் போடும் ஒருத்தராவது கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்வது.

டீ மாஸ்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாசனை சுத்தமாகப் போய் இரண்டு வருஷம். டீ போடுகிறவருக்கு மூக்கு இல்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. பால் அடிப்பிடித்துப் புகைந்ததை எதிரே நின்று குடிக்க வந்தவர் சொன்ன பிறகுதான் அறிந்தார். இன்னொரு நாள் திரிந்த பாலிலேயே பத்துப் பேருக்கு டீ போட்டு நீட்டிவிட்டார். கடைக்காரர், "மொதல்ல மூக்க சரி பண்ணிட்டு வா, அதுக்குப் பெறகு அடுப்புக்கு வா" என்று சொல்லி, அவரை கிளாஸ் கழுவப் போட்டுவிட்டார். அவர் நின்ற இடத்தில் வேறொரு மாஸ்டர். "ஆறு மாசம் பாப்பேன்னு சொல்லியிருக்காரு மேடம். அதுக்குள்ள எனக்கு வாசம் தெரியணும்" என்று அவர் சொன்னபோது கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினேன். "வாசனை, சுவை குறைவு" என்று ஒரு கட்டம் இருந்தது. ஐந்து என்று போட்டேன்.

இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அறுவை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இதுவும் என் தலையெழுத்து. மூக்கு நிறையப் பஞ்சு அடைத்திருக்க, கண் வீங்கியிருக்க, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே இருவரும் ஊர் உறவு விசாரித்திருக்கிறார்கள். மறுநாள் நான் வார்டுக்குப் போனபோது டீ மாஸ்டரின் அப்பா ஊர், மேஸ்திரியின் மனைவி ஊருக்கு அடுத்த ஊர் என்று தெரிந்து, முறைகூட முடிவாகிவிட்டிருந்தது. மேஸ்திரி அவரை மாப்ள என்றார். அவர் மட்டும் வயதுக்கு மரியாதையாக அண்ணே என்றே கூப்பிட்டார். மாப்ள என்று கூப்பிடும் மாமன் எப்படி அண்ணன் ஆவார் என்று நான் கேட்டதற்கு இருவரும் சிரித்தார்கள். பஞ்சு வைத்த மூக்கோடு சிரிப்பது வலிக்கும் என்று நர்ஸ் அதட்டிவிட்டுப் போனார்.

முதல் மாதம் பார்க்க வந்தபோது மேஸ்திரிக்கு மூக்கு அருமையாக ஆறியிருந்தது. டாக்டர் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுத் திரையில் காட்டியதும், தன் தொழிலைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்து, "நல்லாத்தான் ஒடைச்சு சன்னல் வச்சிருக்கீக. காத்து வரும்" என்று டாக்டருக்கே சான்றிதழ் கொடுத்தார். டீ மாஸ்டருக்கு அப்படி இல்லை. உள்ளே வீக்கம் வடியவில்லை, வாசனை துளியும் இல்லை. இன்னும் நாள் இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அதற்கு அடுத்த மாதம்தான் மேஸ்திரி அந்தப் பையைக் கவிழ்த்தார்.

"என்னண்ணே இது, பாதி உங்களோடது இல்லையே?"

"மாப்ளையோடது. என்னோட பாதிய அவுகளுக்குக் குடுத்துட்டேன், அவுக பாதிய நான் வாங்கிக்கிட்டேன்."

"ஏன்?"

இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்தார். "எனக்கு நல்லாருச்சு, அவுகளுக்கு நல்லாகல. அப்ப என் பெட்டியிலதான மருந்து இருக்கணும்? நீங்கதான சொன்னீக, ஒண்ணுல மருந்து, ஒண்ணுல வெறுந்தண்ணின்னு. அதான் ஆளுக்குப் பாதியா பங்கு போட்டுக்கிட்டோம்."

நான் கத்தினேன். ஆம், கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், கிடங்கிலிருந்து மருந்தாளுநர் எட்டிப் பார்த்தார். ஒருவர் மருந்தை இன்னொருவர் போடக் கூடாது என்று படிவத்திலேயே இருக்கிறதே, மாஸ்டருக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே, அவரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு மருந்தே கொடுத்திருப்பாரே என்று கேட்டேன். மேஸ்திரி முகம் சுருங்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: "வெலகுனா ஒங்க வேல கெட்டுப்போகும்னு நீங்கதான தாயி சொன்னீக? பாதியில விட்டுட்டுப் போயிராதீகன்னு அம்புட்டு தூரம் கேட்டுக்கிட்டீக. அதான் வெலகாம பாத்துக்கிட்டோம்."

எனக்குக் கெடுதல் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அவர் எனக்குச் செய்த கெடுதல் இது. பெரிய டாக்டரிடம் போய், இருவரையும் நீக்கிவிடலாம் என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "கையெழுத்துப் போட்டவங்கள்லயே இவர் ஒருத்தர்தான் புரிஞ்சு போட்டிருக்கார்" என்றார். பிறகு, யாரையும் நீக்கக் கூடாது, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தார்களோ அந்தப் பக்கமே கணக்கில் இருக்கட்டும், நடந்ததை நடந்தபடி எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பு என்றார். மாஸ்டரைக் கூப்பிட்டு, விலகிக்கொள்கிறீர்களா, மருந்து எழுதித் தருகிறேன் என்று கேட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், "இருக்கேன் சார்" என்றார். இனிமேல் அவரவர் குப்பி அவரவர்க்கு என்று இருவரிடமும் நான் சத்தியம் வாங்காத குறை. இருவரும் சந்திக்கவே முடியாதபடி ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு வெள்ளி என்று நாளையும் மாற்றிவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மூன்று மாதங்களும் குப்பிகள் சுத்தமாக இருந்தன. பதினேழிடம் அறுபது பதினேழு, இருபத்து மூன்றிடம் அறுபது இருபத்து மூன்று. மற்ற நோயாளிகள் பத்தைத் தொலைத்துவிட்டு வருவார்கள், ஐந்தைப் பிள்ளைகள் விளையாட எடுத்துப் போயிருக்கும். இவர்கள் இருவரிடம் மட்டும் ஒன்று கூடாமல் குறையாமல் இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் மாதம் டீ மாஸ்டருக்கு வாசனைப் பரிசோதனை செய்தேன். பழுப்பு நிறச் சீசாக்களில் காப்பித்தூள், பெருங்காயம், எலுமிச்சைத் தோல், கிராம்பு, ஏலக்காய் என்று வைத்திருப்போம். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து சொல்ல வேண்டும். அதுவரை அவர் எல்லாவற்றுக்கும் "தெரியல" என்றே சொல்லி வந்தார். அன்று மூன்றாவது சீசாவை நீட்டியதும் முகம் மாறியது. மறுபடி முகர்ந்தார். மூடிய கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு, "ஏலக்கா" என்றார். கண் ஓரத்தில் நீர் இறங்கியது. "மேடம், ஏலக்கா மேடம்" என்று சீசாவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றார். அத்தனை மாத அலைச்சலில் அந்த ஒரு நிமிஷம் போதும் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அவர் சொன்னார்: "எல்லாம் அண்ணே புண்ணியம்."

"எந்த அண்ணே?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் விடவில்லை. மெதுவாக வந்தது. குப்பியில் எண் இருக்கிறது, நான் காலிக் குப்பியைத்தான் பார்க்கிறேன் என்பதை மேஸ்திரி அன்றைக்கே கவனித்துவிட்டார். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பேரையூரிலிருந்து பஸ் ஏறிப் பழங்காநத்தம் டீக்கடைக்கு வந்து, முழுக் குப்பிகளைப் பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டு போவார். பயன்படுத்திய பிறகு காலிகளை மறுபடி வந்து மாற்றிக்கொள்வார்கள். என்னிடம் வரும்போது அவரவர் எண் அவரவரிடம் சரியாக இருக்கும். கொடுத்த வாக்கை மீறவில்லையா என்று கேட்டேன். "அண்ணே சொன்னாரு, மேடத்துக்குக் காலிக் குப்பிதான் வேணும், அதக் கொறையில்லாம குடுத்துருவோம்னு." நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஏலக்காய் வாசனை அறை முழுக்க இருந்தது. எனக்கு அழுகையாக வந்ததா, அந்த இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாம் என்று வந்ததா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

அதையும் எழுதினேன். ஆய்வு முடிந்தது. டீ மாஸ்டர் மறுபடி அடுப்புக்கு முன்னால் நின்றார். சில மாதங்கள் கழித்து குலுக்கல் பட்டியலைத் திறந்தபோது என் விரல் முதலில் பதினேழுக்குத்தான் போனது. மருந்து. இருபத்து மூன்று, வெறும் நீர். மேஸ்திரி கணித்தது அப்படியே சரி. மொத்தத்தில் மருந்து சேர்த்தவர்களுக்குக் கொஞ்சம் தேவலைபோலத் தெரிந்தது, உறுதியாகச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும் என்று எழுதி முடித்தோம். எல்லா ஆய்வும் அப்படித்தான் முடியும். பங்கெடுத்தவர்களுக்கு அவரவர்க்குக் கிடைத்தது எது என்று சொல்லிவிட வேண்டும் என்பதில் பெரிய டாக்டர் பிடிவாதமாக இருந்தார். வெறும் நீர் கிடைத்தவர்களைக் கூப்பிட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். மேஸ்திரிக்கு நான்தான் போன் போட்டேன். "பாத்தீகளா! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?" என்று அவர் போட்ட சத்தத்தில், கட்டட வேலை இரைச்சலே கேட்கவில்லை.

அதே வருஷக் கடைசியில் மேஸ்திரிக்குச் சதை திரும்ப வளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் அடைப்பு, ராத்திரி படுக்க முடியவில்லை. இரண்டாவது அறுவைக்குச் சேர்ந்தார். டீ மாஸ்டர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். அறுவை அன்று காலை, பச்சை உடுப்பில் மேஸ்திரி ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருந்தார், மாஸ்டர் எங்கேயோ மருந்து வாங்கப் போயிருந்தார். நான் ஏதோ படிவத்தோடு போனேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதும் தீரவில்லை. முழு மருந்தையும் ஒழுங்காகப் போட்டிருந்தால் இங்கே வந்து உட்கார்ந்திருப்பாரா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, "தாயி, ஒண்ணு கேக்கேன், ஒத்த வார்த்த சொல்லுங்க. நான் குடுத்ததாலதான மாப்ளைக்கு வாசம் வந்துச்சு?" என்றார்.

ஆமாண்ணே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, "தெரியாதுண்ணே. ரெண்டு பேரை வச்சு எதையும் சொல்ல முடியாது. ஆபரேஷன்லயே வந்திருக்கலாம், தானா வந்திருக்கலாம். நீங்க முறையா போட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்போம்." கடைசி வாக்கியத்தைச் சேர்க்காமலாவது இருந்திருக்கலாம். அவர் கையை எடுத்துக்கொண்டார். "படிச்சவுக நீங்க. தெரியாதுன்னா தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு மல்லாந்து படுத்தார். நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அறிவியல்படி அதைத்தான் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் என் வேலையில் நான் செய்த தப்புகளில் பெரியது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அறுவை நன்றாக நடந்தது, அவர் ஊருக்குப் போய்ப் பழையபடி வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருந்தது. போன வருஷம் அவர் இரண்டு மூன்று தடவை போனை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்ததும், யார் என்றுகூடக் கேட்காமல், "என்னண்ணே, போன மாசமே வாரேன்னு சொன்னீங்க, போனையாவது எடுக்கக் கூடாதா?" என்று படபடவென்று ஆரம்பித்துவிட்டேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல், "அவரு இல்லம்மா. கருமாதியும் முடிஞ்சிருச்சு" என்றது. வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பாம். மூக்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் என்ன சொல்லி வைத்தேன் என்று நினைவில்லை. படிவத்தில் "தொடர முடியவில்லை" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் குறியிட்டேன்.

போன மாதம் பழங்காநத்தத்தில் இறங்கி அந்த டீக்கடைக்குப் போனேன். மதியம் சாய்ந்த நேரம், கூட்டமில்லை. மாஸ்டர் என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவருக்குச் சேதி முன்பே தெரியும், பாடையைத் தூக்கிப்போக நின்றவர்களில் அவரும் ஒருவர். கொஞ்ச நேரம் மேஸ்திரியைப் பற்றியே பேசினோம். பிறகு அவர் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்: "மேடம், அண்ணனுக்குத் திரும்ப மூக்கு அடைச்சது, அவரு மருந்துல பாதிய நான் வாங்கிக்கிட்டதாலதான?"

அன்றைக்கு மேஸ்திரி கேட்ட அதே கேள்விதான், மறுபக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. பதிலும் அதே பதில்தான், தெரியாது. ஆனால் இன்னொரு முறை அந்த வார்த்தையை ஒரு மனிதனின் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்தத் தடவையாவது நல்லதைச் சொல்லிவிடுவோம் என்று, என் வேலைக்காலத்தில் முதல்முறையாக, தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னேன். "இல்ல மாஸ்டர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த மருந்து அவ்வளவு பெரிய மருந்தும் இல்ல. உங்களால ஒண்ணும் ஆகல."

அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். தெளியவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப எனக்கு வாசம் வந்தது?" என்றார். "அது அவரு குடுத்ததால வரலியா?"

இவருக்கு ஆறுதல் சொல்லப் போய், மேஸ்திரி கொடுத்ததை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நிற்கிறேன். மருந்தால் வாசம் வந்தது என்றால் மருந்து குறைந்ததால் அடைத்தது என்பதற்கும் ஆமாம், ஒன்றுக்கு இல்லை என்றால் மற்றதுக்கும் இல்லை. இத்தனை வருஷம் படிவம் நிரப்பியவளுக்கு இதுகூட அந்த நிமிஷம் தோன்றவில்லை.

மாஸ்டர் தலையை ஆட்டினார். "வேணாம் மேடம். அண்ணே குடுத்துத்தான் எனக்கு வந்துச்சு. அதுனால அவருக்கு அடைச்சிருந்தா அடைச்சதுதான், அது என்னோட இருக்கட்டும். இல்லேன்னு மட்டும் சொல்லாதீக" என்றார். சொல்லிவிட்டு டீயை என் கையில் கொடுத்தார், பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரரிடம், "ஒங்களுக்கு என்னண்ணே?" என்று கேட்டார்.